சட்டைக் கையில் சுண்ணாம்பு

எங்கள் மருத்துவமனையில் அவருக்குப் பெயர் தரகரம்மா. மூளைக் கட்டிக்கு அறுவை முடிந்து எழுந்து வருபவர்களுக்கு எந்தப் பயிற்சி, எந்த இடம், எந்த நேரம் சரிப்பட்டு வரும் என்று பார்த்துப் பொருத்திவிடுவது அவர் வேலை. அந்தப் பட்டத்தைச் சூட்டியவன் நான்தான். பிசியோதெரபி படித்தவன் என்ற கொழுப்பு எனக்கு அப்போது அதிகம். இதற்கெல்லாம் தனியாக ஒரு ஆளா என்று நினைத்தேன்.

அதற்கு முன் இருபது வருடம் அதே கட்டடத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். யாரையும் ஒரு வகுப்புக்கு அனுப்புவதற்கு முன் தானே போய் அதில் சேர்ந்துவிடுவார். நீச்சல்குளப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வாசலில் எத்தனை படி, கழிப்பறை எவ்வளவு தூரம், சொல்லிக்கொடுப்பவர் வள்ளென்று விழுவாரா, எல்லாம் அவர் நோட்டில் இருக்கும்.

மகள் பிரசவத்துக்காக அவர் விடுப்பில் இருந்த மாதம் ஒரு தபால்காரர் வந்தார். தலையின் வலது பக்கத்துக் கட்டியை எடுத்திருந்தார்கள். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படியில் இரண்டு முறை விழுந்ததால் மச்சான் வீட்டுக் கூடத்தில் படுத்துக் கிடந்தார்.

"என் வீட்டுக்கு ஏறிப் போயிட்டா போதும் சார்."

காலில் பலம் போதவில்லை என்று நானே முடிவு கட்டினேன். சைக்கிள், எடை என்று மூன்று வாரம் வாட்டி எடுத்தேன். கால் என்னவோ இரும்பாகிவிட்டது. ஆனால் வீட்டுப் படியில் மறுபடியும் விழுந்தார்.

"இனிமே வரமாட்டேன் சார். எனக்கு இவ்வளவுதான் போல" என்று சொல்லிவிட்டுப் போவதற்காக ஒரு நாள் வந்தார்.

அன்றுதான் தரகரம்மா வேலைக்குத் திரும்பியிருந்தார். ஃபைலைத் தொடவில்லை. முதலில் ஆளோடு நடைபாதையில் ஒரு நடை போய் வருவது அவர் வழக்கம். நாற்பதடி போனார்கள், திரும்பினார்கள். தரகரம்மா தபால்காரரின் இடது சட்டைக் கையைத் தொட்டு எனக்குக் காட்டினார்.

"தம்பி, இந்தச் சுண்ணாம்பு இன்னைக்கு மட்டுமா?"

"தினமும்தான்க்கா. செவுத்துல உரசிக்கிட்டே வருவாரு. நான்தான் தட்டிவிடுவேன்."

சொல்லிவிட்டு நான் அந்தச் சட்டைக் கையை மறுபடி பார்த்தேன்.

"கால்ல குறையில்லப்பா. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே இவர் மனசுல படல. வீட்டுப் படியில கைப்பிடி எந்தப் பக்கம்னு கேட்டியா?"

நான் கேட்கவில்லை. தபால்காரர் கண்ணை மூடி யோசித்தார்.

"ஏறும்போது இடது பக்கம்" என்றார், அவருக்கே புதிய செய்தி போல.

டாக்டர் சோதித்துவிட்டு அதையேதான் சொன்னார். ஊரின் மறுகோடியில் ஒரு சின்ன மையத்தில், தலையைத் திருப்பி இடது பக்கத்தைத் தேடிப் பார்க்கப் பழக்குகிறார்கள். மதியத்துக்கு மேல் தபால்காரர் களைத்துவிடுவார் என்று அங்கே காலை முதல் வகுப்பாகக் கேட்டு வாங்கினார் தரகரம்மா. என் கையாலேயே நாள்தோறும் தட்டிவிட்டதை, அந்த அம்மா ஒரே நடையில் படித்துவிட்டார். அன்றிலிருந்து அவரைத் தரகரம்மா என்று கூப்பிடும்போது என் குரலில் கேலி இல்லை.

இரண்டு மாதம் கழித்துத் தபால்காரர் எங்கள் பயிற்சிக் கூடத்துக்கு வந்தார்.

"நேத்து ஏறிட்டேன் சார். மூணு மாடியும். கதவை நானே தொறந்தேன்."

பழக்கதோஷத்தில் என் கை அவருடைய இடது சட்டைக் கைக்குப் போயிற்று. தட்டிவிட அங்கே ஒன்றுமில்லை.