மாப்பிள்ளைக்கு ஐம்பது

என் மனைவியின் அண்ணன் என்னைக் கொல்லப் பார்க்கிறார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் முழுமனதாக நம்பினேன். ஆயுதம் அரிவாள் அல்ல, அரளி விதையும் அல்ல. மாம்பழ வாசனை அடிக்கும் ஒரு சின்னஞ்சிறு பாட்டில். காலையில் முளைத்த சந்தேகம், பொழுது சாய்வதற்குள் விசாரணை முடிந்து தீர்ப்பு வரைக்கும் போய்விட்டது. என் படத்துக்கு எந்த மாலை பொருத்தமாக இருக்கும் என்பதையும் யோசித்து வைத்துவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு தீப்பெட்டி.

சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். காலையில் வாசலில் எல்லாரையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாம் கேட்டுக்கு வெளியிலேயே தங்கிவிட வேண்டும். மருந்து கலக்கும் அறைக்குள் செருப்புக்கூடப் போகாது. இதையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனவன் நான். அதே நான் ஒரு நாள், டீக்கடையில் சிகரெட் பற்ற வைத்த கையோடு, சட்டைப் பையில் தீப்பெட்டியுடன் கேட்டில் வந்து நின்றேன். தினமும் எனக்கு வணக்கம் வைக்கிற வாட்ச்மேன், செத்த பல்லியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் அதை வெளியே எடுத்தார். எனக்குப் பின்னால் நின்ற பெண்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மேனேஜர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"நீங்களே இப்படின்னா மத்தவங்களுக்கு நான் என்னத்தைச் சொல்ல? இன்னொரு தடவை உங்க பையில ஒத்தைக் குச்சி கெடைச்சாலும் அங்கன இருந்தே வீட்டுக்குப் போயிருங்க. அதுக்கப்புறம் வேலை கெடையாது."

இந்த வயதில் வேறு எந்தக் கம்பெனி என்னை எடுக்கும்? தீப்பெட்டியோடு பிடிபட்ட போர்மேன் என்ற செய்தி இங்கிருந்து சாத்தூர் போய்ச் சேர பஸ்கூடத் தேவையில்லை. சிகரெட்டை விட்டால் தீப்பெட்டி தானாகப் போய்விடும். எனக்கு இருந்த ஒரே வழி அதுதான். வீட்டில் அறிவித்தேன். "நீங்க விட்ட லச்சணத்தைத்தான் போன தீவாளிக்கே பாத்தேனே" என்றாள் என் மனைவி.

பொங்கல் முடிந்த கையோடு மச்சான் ஷார்ஜாவிலிருந்து வந்து இறங்கினார். இந்த முறை லீவுக்கு அல்ல, ஒரேயடியாக. அவருக்கும் பட்டாசு வேலை தெரியும். வெளிநாடு போவதற்கு முன் அவரும் போர்மேன் பரீட்சை எழுதித் தேறியவர். வந்ததும் வராததுமாக, "ஒங்க கம்பெனியில எத்தனை ரூம்பு மாப்ள? ஆளுக பத்துதா? சம்பளம் கூட்டிக் குடுக்காகளா?" என்று விசாரித்தார். பேச்சுக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் வேலை விட்டு வரும்போது வாட்ச்மேன் என் காதில் ஒன்றைப் போட்டார்.

"உங்க மச்சான் வந்திருந்தாக. மேனேஜர் ரூம்ல ரொம்ப நேரம் இருந்துட்டுப் போனாக. டீயெல்லாம் வாங்கிக் குடுத்தாரு."

"என்ன பேசுனாக?"

"எனக்கு எப்படித் தெரியும்? கதவைச் சாத்திட்டாகல்ல."

அந்த மேனேஜர் இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மச்சான் குடித்த டீ என் வயிற்றில் கொதித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் ஒரு சின்னப் பையை என் முன்னால் பிரித்தார்.

"சிகரெட்டை விட முடியாம கஷ்டப்படுதீகன்னு தங்கச்சி சொல்லுச்சு. நானும் இதை வெச்சுத்தான் சிகரெட்டை விட்டேன் மாப்ள."

லைட்டர் அளவில் கறுப்பாக ஒரு சாமான், எலெக்ட்ரானிக் சிகரெட்டாம். அதன் தலையில் மூக்கு வைத்த பிளாஸ்டிக் குப்பி. அந்தக் குப்பிக்குப் பெயர் பாட். அதற்குள் கொஞ்சம் பஞ்சும் ஒரு சுருள் கம்பியும். பஞ்சு திரவத்தில் ஊறியிருக்கும். வாய் வைத்து இழுத்தால் அடியில் உள்ள பேட்டரி கம்பியைச் சூடாக்கும். திரவம் ஆவியாக வரும். தீர்ந்தால் மறுபடி ஊற்றிக்கொள்ளலாம்.

"தீ கெடையாதா?"

"கெடையாது."

"அப்ப கம்பெனிக்குள்ளயே கொண்டுக்கிட்டுப் போலாமே!"

மச்சான் பதறிவிட்டார். "நல்லாத்தான இருக்கீக? உள்ள பேட்டரி இருக்கு, சுடுற கம்பி இருக்கு. மருந்து ரூம்புக்கு இதைக் கொண்டு போவீகளா? கேட்டுப் பக்கமே காட்டிராதீக. இதுவே நம்ம நாட்டுல தடை பண்ணுன சாமான். ஏர்போர்ட்ல பாத்திருந்தா புடுங்கிருப்பாக."

என் வேலைக்குக் குறி வைத்தவர் இப்படிச் சொல்வாரா என்று அப்போதே யோசித்திருக்கலாம். ஆனால் சந்தேகம் பிடித்தவன் காதில் நல்ல வார்த்தையும் தந்திரமாகத்தான் விழும். தடை என்றதும் என் புத்தி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. ஓகோ, பிடித்துக் கொடுக்கவும் ஒரு வழி வைத்திருக்கிறார்!

பையில் இரண்டு பாட்டில்கள். ஒன்றில் இருபது, இன்னொன்றில் ஐம்பது என்று போட்டிருந்தது. ஒரு மில்லியில் அத்தனை மில்லிகிராம் நிக்கோட்டின் என்று கணக்கு. "ரெண்டுமே சால்ட் வகை நிக்கோட்டின். மத்த வகை தொண்டையைக் கவ்வும், இது கவ்வாது. கவ்வலையேன்னு நெனைச்சு இழுத்துக்கிட்டே இருக்கக் கூடாது. உங்களுக்கு இருபதே ஜாஸ்தி. அந்த அம்பது எனக்கு. நான் நாள் முச்சூடும் ஊதுன ஆளு."

சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார். நான் சோதனையில் இறங்கினேன்.

எங்கள் தொழிலில் புது மருந்து எது வந்தாலும், கொடுத்தவர் வாய்ப்பேச்சை நம்ப மாட்டோம். துளியூண்டு எடுத்து ஒதுக்குப்புறமாகக் கொளுத்திப் பார்ப்போம். எரிகிற வேகத்தில் அதன் பலம் தெரிந்துவிடும். கொல்லைப்பக்கம் போய், ஒரு காகிதத்தில் இருபதைச் சில சொட்டு விட்டுக் குச்சியைக் கிழித்து வைத்தேன். காகிதத்தின் ஓரம் கருகியது. நனைந்த இடத்துக்கு வந்ததும் தீ முனகிவிட்டு அணைந்தது. மழையில் நனைந்த சரத்தின் திரிகூட இதைவிட ரோஷமாக எரியும். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. மாப்பிள்ளைக்குத் தண்ணீர், அவருக்குச் சரக்கு!

அதோடு முறை என்று ஒன்று இருக்கிறது. பெண் கொடுத்த வீட்டார் எதைக் கொடுத்தாலும் பெரியதை மாப்பிள்ளைக்கு வைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். கறிக்குழம்பில் நல்ல துண்டு யார் இலைக்கு வரும்? அப்படியிருக்க, இருபது எனக்கு, ஐம்பது அவருக்கா?

தலை துவட்டிக்கொண்டு வந்தவரிடம் கையை நீட்டினேன். "மச்சான், அந்த அம்பதைக் குடுங்க."

"வேணாம் மாப்ள, எடுத்தவொடனே அது..."

"மாப்பிள்ளைக்கு இருபது, மச்சானுக்கு அம்பது. நல்லாத்தான் இருக்கு உங்க வீட்டு மொறை."

அவர் முகம் சுண்டிப்போனது. அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "குடுத்துத் தொலைங்கண்ணே. கல்யாணமாகி இம்புட்டு வருசமாச்சு, இன்னும் மாப்பிள்ளை முறுக்கு நமத்துப் போகலை."

ஐம்பது என் கைக்கு வந்தது.

தெருவில் யாரும் பார்க்கக் கூடாது என்று சாப்பாட்டுக்குப் பிறகு மச்சான் பைக்கில் வெம்பக்கோட்டை அணைக்கரைக்குப் போனோம். கரையில் உட்கார்ந்து அவர் ஊற்றிக் காட்டினார். குப்பியின் பக்கவாட்டில் இருந்த ரப்பர் மூடியை நகத்தால் நெம்பி, பாட்டிலின் மூக்கை உள்ளே விட்டு, கோட்டுக்கு மேலே ஏறாமல் நிறுத்தினார். கையில் பட்ட துளியை உடனே துடைத்துக் கழுவினார். "பஞ்சு நல்லா ஊறட்டும். அவசரப்பட்டா கருகுன வாடை வந்துரும்." கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வாய்ல வாங்கி, மெதுவா உள்ள விடுங்க. ரெண்டே இழுப்பு. அப்புறம் கீழ வெச்சிரணும்."

இழுத்தேன். மாம்பழம். தை மாதத்தில் மாம்பழம் வந்தால் அதிலேயே ஏதோ சூது இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. "சொல்லுங்க மேனேஜர் சார்" என்று எழுந்தவர், என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கரையோடு வெகுதூரம் நடந்தார்.

என்னைப் பார்த்தாரே, அந்தப் பார்வைதான் என்னைச் சாய்த்தது. போனில் என்ன பேரம்? திங்கட்கிழமையே வரச் சொல்கிறாரா? நான் என்ன ஆவேன்? பதற்றத்தில் இழுத்தேன். தொண்டையில் ஒன்றும் கவ்வவில்லை. சரக்கு போலி என்ற முடிவோடு மறுபடி இழுத்தேன். சாம்பல் விழவில்லை, விரல் சுடவில்லை, கையில் இருந்தது குறையவும் இல்லை. அவர் போனில் தலையாட்டத் தலையாட்ட நான் இழுத்துக்கொண்டே இருந்தேன்.

முதலில் விக்கல் வந்தது. பிறகு வாயெல்லாம் எச்சில் ஊறியது. காதுக்குப் பின்னால் குளிர்ந்து வேர்த்தது. நெஞ்சு, சரவெடி கொளுத்தியதுபோல் நிற்காமல் அடித்தது. அணைத் தண்ணீர் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. தண்ணீர் சாயாது என்கிற அறிவு இருந்ததால், சாய்வது நான்தான் என்று தெரிந்துகொண்டேன்.

மச்சான் ஓடி வந்தார். "மாப்ள! எம்புட்டு இழுத்தீக?"

"வேலை வேணும்னா வாய்விட்டுக் கேட்டிருக்கலாம்ல மச்சான்?" என்றேன், விக்கலோடு. "இதுக்குப் போயி... கூடப்பெறந்த தங்கச்சி தாலியில கை வைக்கலாமா?"

"என்ன உளறுதீக? எந்த வேலை?"

பதில் சொல்வதற்குள் வாந்தி வந்துவிட்டது. அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "நீங்க மொதல்ல குடிங்க" என்றேன். மடக் மடக்கென்று பாதியைக் குடித்துக் காட்டிவிட்டு மீதியை என் தலையில் ஊற்றினார்.

பைக்கில் ஏற்றினார். சிவகாசிக்கு நேரே போகாமல் வண்டி வேறு பாதையில் திரும்பியது.

"இது எந்த ரோடு? எங்க கொண்டு போறீக?"

"அங்கன ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காக. பேசாம புடிச்சிக்கிட்டு வாங்க மாப்ள."

தோண்டிப் போட்டிருப்பது எனக்குத்தான் என்று தோன்றியது. உயிரோடு கடைசியாகப் பார்த்ததற்குச் சாட்சி வேண்டுமே! வழியில் டீக்கடை வாசலில் நின்ற தெரிந்தவர்களுக்கெல்லாம் பலமாகக் கையாட்டினேன். அவர்களும் சிரித்தபடி கையாட்டினார்கள். "என்னண்ணே, கல்யாண வீட்டுக்கா?" என்று ஒருவன் கத்தினான்.

வண்டி நின்ற இடம் சிவகாசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டரம்மா என் கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

"என்ன சாப்பிட்டீங்க?"

தடை செய்த சாமான் ஞாபகம் வந்தது. "எண்ணெய் புரோட்டா" என்றேன்.

"புரோட்டாவுல எதுக்கு மாம்பழ வாசனை வருது?"

மச்சானை வெளியே அனுப்பிவிட்டு மரண வாக்குமூலம் கொடுக்கலாம் என்று கண்ணால் ஜாடை காட்டினேன். அதற்குள் அவரே பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்துவிட்டார். விஷம் வைத்த எவனாவது பாட்டிலை டாக்டர் கையில் கொடுப்பானா? என் வழக்கு அந்த இடத்தில்தான் ஆட்டம் கண்டது.

டாக்டரம்மா பாட்டிலைத் திருப்பிப் படித்தார். "அம்பதா! எவ்வளவு இழுத்தீங்க?"

"ஒரு சிகரெட் அளவுக்குத்தான்..."

"சிகரெட் தானா முடிஞ்சு உங்களை நிறுத்தச் சொல்லும். இது சொல்லுமா?"

வாந்தி நிற்க ஊசி போட்டு, கொஞ்ச நேரம் படுக்க வைத்தார்கள். இதை ஒரு சின்னப் பிள்ளை எடுத்து வாயில் வைத்தால் என்ன ஆகும் தெரியுமா என்று இரண்டு பேருக்கும் சேர்த்து வசவு விழுந்தது. சிகரெட்டை விட வேண்டுமென்றால் அதற்கு முறையான வைத்தியம் இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்றார்.

கட்டில் பக்கத்தில் மச்சான் உட்கார்ந்திருந்தார். விக்கல் நின்றிருந்தது. கேட்டுவிட்டேன். "மேனேஜர்ட்ட என்ன பேசுனீக?"

"தங்கச்சிதான் அனுப்புச்சு. 'வேலை போயிருமோன்னு மனுசன் தூங்காம கெடக்காரு, ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கண்ணே'ன்னு அழுதுச்சு. 'நான் பொறுப்பு சார், சிகரெட்டை விட வெச்சிர்றேன், அவரை வெளிய அனுப்பிராதீக'ன்னு சொன்னேன். சரின்னாரு."

"மத்தியானம் போன்ல?"

"விட்டாச்சான்னு கேட்டாரு. இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்காருன்னேன்."

"அப்ப உங்களுக்கு வேலை?"

"திருத்தங்கல்ல அச்சாபீஸ்ல பேசி முடிச்சாச்சு. மருந்து வாடையே ஆகாது மாப்ள எனக்கு. ஒங்க கம்பெனியைப் பத்தி ஏன் கேட்டேன்னா, வேற என்னத்தைப் பேசுறதுன்னு தெரியலை. நீங்கதான் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தீகளே."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

நடந்தது இவ்வளவுதான். எனக்கு யாரும் விஷம் வைக்கவில்லை. இருபது போதும் என்று சொன்னவரிடம் ஐம்பதைக் கேட்டு வாங்கி, ரெண்டே இழுப்பு என்று சொன்னதை மீறி மூச்சு முட்ட இழுத்தேன். நிக்கோட்டின் அளவு மீறி வாந்தி எடுத்தேன். மச்சான் அச்சாபீஸில் சேர்ந்தார். நான் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மருந்தோடு சிகரெட்டை விட்டேன். அதே கம்பெனியில் இன்னும் போர்மேனாக இருக்கிறேன்.