என் பிள்ளைக்கு விசாரணை வேண்டும்

எனக்கு இரண்டாவதும் பெண் பிள்ளை. பால் குடித்துத் தூங்கியவள் விடிந்தும் எழவில்லை.

ஓடிவந்து பார்த்த கிராம நர்ஸ், "காரணம் தெரியாம எறந்தா ஸ்டேஷன்ல சொல்லணும்க்கா, அதான் சட்டம்" என்றார். வீடே பதறியது.

"பச்சப் புள்ளைய அறுக்கக் குடுக்கவா? வெயில் ஏறுமுன்ன அடக்கம் பண்ணிருவோம்" என்றார் என் வீட்டுக்காரரின் அண்ணன். வாசலில் ஒருத்தி, "ரெண்டாவதும் பொட்ட. இவளே என்னத்தக் குடுத்தாளோ" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது.

எனக்கு அழுகை நின்றுவிட்டது. பிள்ளையை மடியோடு அணைத்துக்கொண்டேன். "போலீஸ் வரட்டும் மச்சான். அதுவரைக்கும் எம்புள்ளைய யாரும் தொடக்கூடாது."

"உன்னையத்தான் மொதல்ல சந்தேகப்படுவாக."

"படட்டும். முருகனுக்கே பதில் சொல்ல வேண்டியவ, போலீசுக்குச் சொல்ல மாட்டேனா?"

போலீஸ் வந்ததும், என்ன கொடுத்தேன், எங்கே படுக்கவைத்தேன் என்று என்னைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். நெஞ்சு எரிந்தது, ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னேன். பிரேதப் பரிசோதனையில், பிறவியிலேயே இதயத்தில் கோளாறு என்று தெரிந்தது.

முணுமுணுத்தவள் இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போகட்டும். திருப்பரங்குன்றம் போனால் இன்றும் சன்னதியில் நின்று அழுகிறேன். ஆனால் யார் முன்னாலும் சொல்வேன்: பெண் பிள்ளை திடீரென்று இறந்தால் கேட்கத்தான் வேண்டும். முதலில் பெற்றவளையே கேட்டாலும் சரி.