விட்டதைச் சொல்லும் நேரம்

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸில் பிரியாணிக்குப் பிறகு ஒரு விசாரணை உண்டு. மற்ற வீடுகளில் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்கள், இல்லையென்றால் டிவி பார்ப்பார்கள். முத்தியால்பேட்டையில் நாங்கள் எல்லோரும் குடியிருந்த தாத்தா வீட்டில் மட்டும் குடிலுக்கு முன்னால் பாய் விரித்து எல்லோரும் உட்கார வேண்டும். முடியப்போகிற வருஷத்தில் தனக்கு என்னென்ன நடந்தது என்று ஒவ்வொருவராக எழுந்து நின்று சொல்ல வேண்டும். சின்னவரில் தொடங்கிப் பெரியவரில் முடியும். அதுவரைக்கும் பரவாயில்லை. ஒருவர் சொல்லி முடித்ததும் தாத்தா தன் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "விட்டது இன்னா?" என்று கேட்பார். உடனே மற்றவர்கள் அந்த ஆள் சொல்லாமல் விட்டதை எடுத்துக் கொடுக்க வேண்டும். மறந்துபோய் விட்டதும் சரி, வேண்டுமென்றே விழுங்கியதும் சரி, அங்கே வந்தே ஆகவேண்டும். எல்லாம் வந்த பிறகுதான் கேக் வெட்டுவார்கள். ரவையும் முந்திரியும் ரம்மும் போட்டு எங்கள் ஊரில் செய்கிற விவிக்கம் கேக், அலமாரிக்குள் இருந்தபடியே வாசனை காட்டி எங்களை வதைத்துக்கொண்டிருக்கும்.

தாத்தா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஷிப்ட் மாறும்போது மெஷினில் என்ன கோளாறு என்று அடுத்து வருகிற ஆளிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் வெளியே வரவேண்டுமாம். நீ ஒன்றை மறைத்தால் அவனுக்கு விரல் போகும். வருஷம் மாறுவதும் ஷிப்ட் மாறுவதுபோலத்தான் என்பது அவர் கட்சி. இந்த வழக்கம் அவருடைய கண்டுபிடிப்புதானே தவிர, வேறு எந்த வேதக்காரர் வீட்டிலும் நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்தவர் விட்டதை எடுத்துக் கொடுப்பதில் வீட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஒரு வருஷம், அம்மாவோடு பிறந்த மாமா புது ஸ்கூட்டரை வாய்க்காலில் இறக்கிவிட்டுத் தாத்தாவிடம் மழைமேல் பழி போட்டதை நான்தான் போட்டு உடைத்தேன். அம்மா எனக்கு வைத்திருந்த பெயர் ஓட்டைவாய். எனக்கு அதில் ரகசியமாகப் பெருமை உண்டு.

நான் நாலாவது படித்த அந்த வருஷம்தான் என் வாயைத் தைக்கவேண்டி வந்தது.

அம்மாவின் தங்கை, என் சித்தி, தட்டாஞ்சாவடியில் துணி தைக்கும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் கிளம்புவதற்கு முன்னால் எனக்குச் சடை பின்னிவிடுவாள். ஆடி மாதத்தில் ஒருநாள் பின்னிக்கொண்டிருந்த கை சட்டென்று இறுகியது. "வலிக்குது சித்தி" என்று கத்தினேன். பிடித்த சடையோடு என்னையும் இழுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன, வாயோரம் நுரை. அம்மா ஓடிவந்து என் சடையை விடுவித்து, அந்தக் கையில் சாவிக்கொத்தைத் திணித்தாள். சித்தி செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் கண் திறந்து, "இஸ்கூலுக்கு நேரமாச்சே, இன்னும் கெளம்பலியா?" என்று என்னைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகையே வந்தது. அடுத்த மாதம் கம்பெனியிலும் ஒருமுறை வந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். அம்மா அதற்கு 'மயக்கம்' என்று பெயர் வைத்து, அந்தப் பெயரைக்கூட வெளியே சொல்லக்கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள்.

ஐப்பசியில் வரன் வந்தது. சாதாரண வரன் இல்லை. கருவடிக்குப்பத்தில் ஒரு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய குடும்பங்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். பையன் பாரிஸ் பக்கத்தில் வேலையில் இருந்தான். அவன் அம்மா கோயிலில் சித்தி பாடுவதைக் கேட்டுப் பிடித்துப்போய், அவரே ஆள் அனுப்பினார். வந்த வரனெல்லாம் தட்டிப்போய், தெருவே "இன்னும் ஆவலியா?" என்று கேட்டுக்கொண்டிருந்த சித்திக்கு இது அதிர்ஷ்டம் இல்லையென்றால் வேறு எது? ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போன் பண்ணுவான். சித்தி மாமாவின் செல்போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். இறங்கி வரும்போது முகம் பார்க்கவேண்டுமே! பாத்திரம் தேய்க்கும்போது 'பொன்ழூர், சவா' என்று குழாயோடு பிரெஞ்சில் பேசினாள்.

ஒருநாள் சமையலறையில் சித்தி, "சொல்லிடலாம்க்கா" என்றது என் காதில் விழுந்தது.

"வாய மூடு. கல்யாணம் ஆவட்டும். மாத்திர போட்டா சரியாப் போற சமாச்சாரத்துக்கு நாமளே போயி தம்பட்டம் அடிக்கணுமா?"

சித்தி வெங்காயத்தை வேகவேகமாக நறுக்கினாள்.

தை பிறந்ததும் நிச்சயம் என்று பேச்சு. அதற்கு முன்னால் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குப் பையனின் அம்மாவை அழைத்துவிட்டார்கள். அழைத்த பிறகுதான் அம்மாவுக்குத் தாத்தாவின் விசாரணை ஞாபகம் வந்தது. "இந்த ஒரு வருஷம் வேணாம்பா, கையெடுத்துக் கும்புடறேன்" என்று தாத்தாவிடம் கெஞ்சினாள். குடிலுக்காக முளைக்கவைத்த கேழ்வரகுப் பயிருக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த தாத்தா நிமிரவே இல்லை. "ஒங்க இஷ்டம்" என்றார். முகம் மட்டும் தொங்கிப்போயிற்று. அப்பாவுக்கு அன்று டூட்டி. பெண்டாட்டி வீட்டுப் பஞ்சாயத்திலிருந்து தப்பித்த மனிதர் அவர் ஒருவர்தான்.

விருந்தாளி ஆட்டோவில் வந்து இறங்கினார். குட்டையாக வெட்டிய முடி, வெள்ளைக் கைப்பை. எதற்கெடுத்தாலும் நன்றிக்குப் பதில் மெர்சி. எனக்கென்று ஒரு பெட்டி நிறைய சாக்லேட் கொண்டுவந்திருந்தார். அந்த நிமிஷமே நான் அவர் கட்சிக்குத் தாவிவிட்டேன். இந்தச் சம்பந்தம் கெட்டால் உயிரை விட்டுவிடுவது என்று முடிவே பண்ணிவிட்டேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாமா சும்மா இருந்திருக்கலாம். விருந்தாளி சிரிக்கச் சிரிக்க அவருக்குக் குஷி தாங்கவில்லை. "எங்கப்பாரு இருக்காரே, இவரு லேசுப்பட்ட ஆளு இல்லீங்க. சாப்ட்டு முடிச்சதும் எங்களக் குடிலாண்ட நிக்கவெச்சு வருஷக் கணக்கு கேப்பாரு. எதயாவது உட்டுட்டா மத்தவங்க போட்டுக் குடுக்கணும்..." சொல்லும்போதே என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்துவிட்டது. அம்மாவின் கரண்டி குருமாவுக்குள்ளேயே நின்றது.

"அட, ரொம்ப நல்லாருக்கே! நானும் கேக்கறேன்" என்றார் விருந்தாளி. "இன்னிக்கு உண்டுதானே?"

யார் இல்லை என்று சொல்வது? தாத்தா எழுந்து பாயை உதறிப் போட்டார்.

முதலில் நான். ராங்க் வாங்கியது, சைக்கிள் கற்றது, பல் விழுந்தது எல்லாம் ஒப்பித்தேன். "விட்டது இன்னா?" என்று தாத்தா தட்ட, மாமா, "பேனு! பேனோட வராதன்னு இஸ்கூல்லேர்ந்து திருப்பி அனுப்புனாங்களே, அத உட்டுட்டாளே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமே இல்லை. அடுத்தது சித்தி என்பது மட்டும்தான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

சித்தி எழுந்தாள். கம்பெனியில் அவளைச் சூப்பர்வைசராக ஆக்கியதைச் சொன்னாள். வில்லியனூர்த் தேருக்குப் போனதைச் சொன்னாள். வரன் வந்ததைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

தாத்தாவின் கை உயர்ந்தது. பாதியிலேயே நின்றது. அவருக்கும் எல்லாம் தெரியுமே. ஆனால் அத்தனை வருஷப் பழக்கம் விடுமா? மெதுவாகத் தொடையில் இறங்கியது. "விட்டது..." என்றார். மிச்சம் வாயிலிருந்து வரவில்லை.

மாமா மின்விசிறியைப் பார்த்தார். அம்மாவின் விரல்கள் என் தொடையைக் கொத்தாகப் பிடித்துத் திருகின. கத்தவும் முடியாது, அசையவும் முடியாது.

"என்னா, யாரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறீங்க?" விருந்தாளி என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ சொல்லும்மா. சித்தி எத உட்டுட்டாங்க?"

ஒன்றுமில்லை என்று சொன்னால் பொய். குடிலுக்கு முன்னால் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று தாத்தா விலாவாரியாகச் சொல்லிவைத்திருந்தார். உண்மையைச் சொன்னால் அம்மா என்னைக் கொன்றே போடுவாள். தை மாதமும் போச்சு, பாரிஸும் போச்சு. சித்தியைப் பார்த்தேன். அவள் கண் என்மேல்தான் இருந்தது. சொல் என்றும் தெரியவில்லை, சொல்லாதே என்றும் தெரியவில்லை.

"சித்தி..." என்று ஆரம்பித்தேன். அம்மாவின் நகம் இறங்கியது. "சித்தி பாத்திரம் தேய்க்கும்போது கொழாயோட பிரெஞ்சு பேசும்! நேத்து கல்கல் பலகார டப்பாவ காலி பண்ணதும் சித்திதான்! எலின்னு சொல்லிடுச்சு!"

வீடே அதிர்ந்தது. விருந்தாளி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மாமா அந்த ஹாஸ்யத்துக்குத் தகாத அளவு சிரித்தார். அம்மாவின் கை திருகுவதை விட்டுவிட்டு என் தொடையைத் தடவிக் கொடுத்தது. அடேயப்பா, எனக்கு எவ்வளவு கர்வம்! பொய்யும் சொல்லவில்லை, காரியமும் கெடவில்லை. மற்றவர்கள் முறை வரும் முன்பே விசாரணையை முடித்துவிடுகிற அவசரத்தில் மாமா கேக் வெட்டக் கத்தி எடுக்க எழுந்துவிட்டார்.

சித்தி உட்காரவில்லை.

"அது இல்ல" என்றாள். "நான் விட்டது வேற."

"ஏய்" என்றாள் அம்மா.

சித்தி விருந்தாளியைப் பார்த்துச் சொன்னாள். "ஆடி மாசம் எனக்கு வலிப்பு வந்துதுங்க. இவளுக்குத் தலை பின்னிக்கிட்டு இருந்தேன், அப்ப. பொறவு இன்னொரு வாட்டி கம்பெனில. மாத்திர சாப்புடறேன். நிறுத்தக்கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு." விரல்கள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தன. குரல் தெளிவாக இருந்தது.

"மயக்கந்தாங்க அது, வெயில்ல..." என்று அம்மா குறுக்கே விழுந்தாள்.

"வுடுக்கா."

விருந்தாளி கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "எம்மவனுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் சொல்லிடலாம்னு பாப்பேன். வாய் வரல. நீங்க சொல்லிடுங்க."

அவர் நல்ல மனுஷிதான். இன்றைக்கும் எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. "சொன்னியே, நல்லதும்மா" என்றார். தாத்தா மற்றவர்களைக் கேட்காமலே கேக்கை வெட்டி முதல் துண்டைச் சித்தியிடம் நீட்டினார். எந்த வருஷமும் விருந்தாளி இருந்தால் அவருக்குத்தான் முதல் துண்டு. தனக்கு வந்த துண்டில் விருந்தாளி பாதியைத் தின்று, மீதியைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்தார். கிளம்பும்போது சித்தியின் கன்னத்தைத் தொட்டார். "வீட்ல கலந்துகிட்டுச் சொல்றோங்க" என்று தாத்தாவிடம் கும்பிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. பொங்கல் கழித்து, ஜாதகம் பார்க்காத எங்கள் மதத்திலேயே ஏதோ பொருத்தமில்லை என்பதுபோல ஒரு சேதி மட்டும் வந்தது.

ஆட்டோ தெருமுனை திரும்பியதும் மாமா ஆரம்பித்தார். "பெரிய அரிச்சந்திரன் தங்கச்சி! இத்தினி நாளு காத்திருந்து வந்த எடத்த ஒரே நிமிஷத்துல..." அம்மா சமையலறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தாத்தா பாயைச் சுருட்டினார்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். எல்லோரும் உள்ளே போன பிறகு சித்தி முன்னறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் போய் நின்று கேட்டேவிட்டேன். "நான்தான் காப்பாத்திட்டேன்ல? நீ ஏன் சொன்ன?"

சித்தி என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, கலைந்திருந்த என் சடையைப் பிரித்து மறுபடியும் பின்னினாள். அழுத முகம்தான். ஆனாலும் கை நிதானமாக இருந்தது. "காப்பாத்தினடி" என்றாள். "போயி ஒரு சொம்பு தண்ணி கொண்டா."

கொண்டுவந்தேன். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்து மாத்திரையைப் பிதுக்கினாள். வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் புதுத்துணியோடு வெளியே நின்று எங்கள் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கதவச் சாத்தட்டுமா?" என்றேன். "வேணாம்" என்று சொல்லிவிட்டு, மாத்திரையை நாக்கில் வைத்து, தலையை அண்ணாந்து, மடக்மடக்கென்று தண்ணீரைக் குடித்தாள்.

ஒரே வீட்டில் அத்தனை மாதம் இருந்தும், அவள் மாத்திரை விழுங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் எந்தக் கதவுக்குப் பின்னால் நின்று விழுங்கினாள் என்று எனக்குக் கேட்கவே தோன்றவில்லை. செய்வதையெல்லாம் செய்துவிட்டு என்னைத் தண்ணீருக்கு வேறு ஏவுகிறாளே என்று, காலிச் சொம்பை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு உள்ளே போனேன்.