தேநீருக்கு முன் ஒரு கால் துண்டு

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதமே எனக்கு ஒரு விஷயம் தெரிந்துபோனது. முப்பது வருடமாக நானும் மனைவியும் சண்டையில்லாமல் வாழ்ந்ததற்குக் காரணம், நான் இரண்டு வேலை பார்த்ததுதான்.

இப்போது தினமும் ஐந்து மணித் தேநீருக்கு இருவரும் வீட்டில். அவள் ஒரு கதையைத் தொடங்கினால் அதற்கு முன் நடந்ததையும், அதற்கும் முன் நடந்ததையும் சொல்லித்தான் தொடங்குவாள். மூன்றாம் நிமிடம் நான் எரிந்து விழுவேன். அவள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போய்விடுவாள்.

கூட வேலை செய்த ஒருவர்தான் கஞ்சாவைச் சிபாரிசு செய்தார். மிகச் சின்ன அளவு, போதை ஏறாது, மனம் தணியும் என்றார். கனடாவில் அதைச் சட்டப்படியே கடையில் விற்கிறார்கள்; எங்கள் வீட்டுப் பக்கத்துப் பிளாசாவிலேயே ஒன்று இருந்தது, பலசரக்குக் கடைக்கு இரண்டு கதவு தள்ளி. தெரிந்தவர்கள் பார்த்தால் மானம் கப்பலேறிவிடும் என்று பக்கத்து ஊரான அஜக்ஸ் வரை கார் ஓட்டினேன். அங்கே வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். இருவரும் சுவரில் இருந்த விலைப்பட்டியலை மிகுந்த பக்தியோடு படித்தோம்.

வாங்கியது கஞ்சா கலந்த, ஜெல்லி போன்ற இனிப்பு. பிரஷருக்கு நான் விழுங்கும் குளிசையை வெட்டும் கருவியால் நாலாக வெட்டி, தேநீருக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு கால் துண்டு எடுப்பேன். மீதியைப் பழைய குளிசைப் போத்தலில் ஒளித்தேன்.

அது ஏதாவது செய்ததா என்று சத்தியமாகத் தெரியாது. ஆனால் பக்கத்து வீட்டு அன்ரியின் குளியலறை ஒழுகிய கதையை நாற்பது நிமிடம் கேட்டேன். இடையில் கேள்வியும் கேட்டேன். அவள் சிரித்தாள். அப்பா நன்றாக மாறிவிட்டார் என்று மகளுக்கு ஃபோனில் சொன்னது என் காதில் விழுந்தது. பெருமையாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும்.

நாலு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் என் குளிசைகளை அடுக்கும்போது அவளிடம் போத்தல் அகப்பட்டது. இனிப்பு வந்த பெட்டியையும் தேடி எடுத்துவிட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்துச் சின்ன எழுத்தை ஒரு வரி விடாமல் வாசித்தாள். நான் பிரளயத்துக்குத் தயாரானேன்.

“இதுக்குள்ள மாட்டு ஜெலட்டின் எண்டு கிடக்குது. வெள்ளிக்கிழமையிலயும் எடுத்தனீங்களே?”

எடுத்தேன். கந்தசஷ்டி விரதம் ஆறு நாளும்கூட எடுத்தேன். கஞ்சாவுக்காக வாதாட எனக்குக் கனடாச் சட்டமே துணை இருந்தது. மாட்டுக்கு எந்தத் துணையும் இல்லை. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

“அப்ப, என்ர கதையைக் கேட்கிறதுக்கு உங்களுக்கு மருந்து தேவைப்பட்டதோ?”

அந்த நாற்பது நிமிடத்தையும் அவள் என்னிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்வது முகத்தில் தெரிந்தது. அதுதான் வலித்தது.

போத்தலைக் குப்பையில் போட்டேன். மறுநாள் ஐந்து மணிக்கு நானே தேநீர் போட்டுக்கொண்டு அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். பிறகு, தன் தங்கை வீடு மாறிய கதையை வேண்டாவெறுப்பாகத் தொடங்கினாள். மூன்றாம் நிமிடம் என் கால் ஆடத் தொடங்கியது. முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்தேன். அவள் பாதியில் நிறுத்தினாள்.

“இண்டைக்கு எடுத்தனீங்களோ?”

“இல்லை.”

என் முழங்காலையும் அதன்மேல் இருந்த கையையும் பார்த்தாள். தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, கதையை முதலிலிருந்து தொடங்கினாள்.