துளிகூட ஆடாதவர்

ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துவிட்டு, வெட்டுமேசையின் மேல் சாக்கை விரித்துப் பத்மாசனத்தில் உட்கார்ந்திருப்பார் கண்ணாடிக்காரர். யாராவது குனிந்து எட்டிப் பார்த்தால், மூடிய கண் மூடியபடியே, "ஜன்னலா, அலமாரியா? அளவச் சொல்லிட்டுப் போங்க" என்பார்.

ஐம்பதைத் தாண்டியவர். வைரமுனையால் கண்ணாடியில் கோடு இழுக்கும்போது மூச்சைச் சீராக வெளியே விட்டுக்கொண்டே இழுப்பார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சாமியார் என்று கூப்பிட்டால், "இன்னும் பாதி வழிகூடத் தாண்டலப்பா" என்று சிரிக்காமல் சொல்வார்.

ஒரே மகள் காய்ச்சலில் இறந்த வருடம்தான் யோகம் பழக வந்தார். குரு அவரைவிட இளையவர். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர். முதுகுவலிக்காக நானும் அவர் வகுப்பு நடத்திய மாடியறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். "மனசு அசையாத நிலை ஒண்ணு இருக்காம். அதப் பிடிச்சிட்டா எதுவும் சுடாதுன்னு டீச்சர் சொல்றாங்க" என்றார் கண்ணாடிக்காரர் என்னிடம். உப்பைக் குறைத்தார். பேச்சைக் குறைத்தார். மகளின் பெயரை வீட்டில் எடுப்பதையே விட்டுவிட்டார்.

அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னது வேறு. "இவரு பாட்டுக்குக் கல்லு மாதிரி உக்காந்துடறாரு. நான் யாரு தோள்ல சாஞ்சு அழறது, சொல்லுக்கா?"

ஒருநாள் அந்த அம்மாள் மகளின் துணிகளை வெளியே எடுத்துப் போட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தன் மூச்சைக் கவனித்திருக்கிறார். மறுநாள் வகுப்பில் அதைப் பெருமையாகவே சொன்னார்: "டீச்சர், நான் துளிகூட ஆடல."

குரு சொன்னார்: "அண்ணே, அது நிலை இல்ல, பயம். இத்தன நாளா கவனிக்காம விட்டது என் தப்பு. போங்க, அவங்க பக்கத்துல உக்காந்து அழுங்க."

"அப்போ நான் இவ்வளவு வருஷம் பண்ணினதெல்லாம்?"

குரு எழுந்து அவருடைய பாயைச் சுருட்டிக் கையில் கொடுத்தார்.

கண்ணாடிக்காரர் வீட்டுக்குப் போனபோது பூட்டுத் தொங்கியது. அந்த அம்மாள் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். வாராவாரம் இவர் அங்கே போய் வாசலில் நின்றார். அந்த அம்மாள் முகம் கொடுக்கவில்லை. போன வாரம் துணைக்கு என்னையும் கூட்டிப்போனார்.

அந்த அம்மாள் கூடத்தில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். இவர் எதிரே நின்று மகளின் பெயரைச் சொன்னார். இரண்டாம் முறை சொல்ல வாயெடுத்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த துண்டை மடிக்காமலே அவரிடம் நீட்டினார்.