நிழல் பக்கத்து அமீபா

கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தின் ஜன்னலோரம் கண்ணாடி ஜாடிகள் வரிசையாக இருக்கும். பார்த்தால் வெறும் குட்டைத் தண்ணீர். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைக் கழுவி ஊற்றிவிடலாமா என்று கை அரிக்கும். அப்படிக் கை வைத்தவர்கள் பாசி அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மாணவர்கள் வைத்த பெயர்தான் பாசி அக்கா. உத்தியோகம் ஆய்வக உதவியாளர். உண்மையான வேலை, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெருங்கூட்டத்தைக் கட்டி மேய்ப்பது. ஒற்றைச் செல்லை வைத்துக்கொண்டு முழுக் குடித்தனமும் நடத்துகிற ஜாதி அது. யூக்ளினா சாட்டையைச் சுழற்றி நீந்தும். வெயில் இருந்தால் தானே சமைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் தண்ணீரில் கரைந்திருப்பதை உறிஞ்சிப் பிழைத்துக்கொள்ளும். பாரமீசியத்துக்கு உடம்பெல்லாம் மயிர். அத்தனையையும் துடுப்பாகப் போட்டு ஓடும், முட்டினால் பின்வாங்கி வேறு பக்கம் திரும்பும். அமீபாவுக்கு உருவம் என்று ஒன்றே கிடையாது. உடம்பில் எந்த இடத்தை நீட்டுகிறதோ அதுதான் கால். அந்தக் கால் இரையைச் சுற்றி வளைத்துக்கொண்டால் அதுவே வாய்.

அமீபா ஜாடியை மட்டும் அவள் யாரையும் தொட விடுவதில்லை. அது அவள் கணவன் கடைசியாகக் கொண்டுவந்த தண்ணீர்.

அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டினான். விடுமுறை நாட்களில் ஊருக்கு வெளியே, கைவிட்ட கல்குவாரிக் குட்டையில் அவளுக்குத் தண்ணீர் மொண்டு வருவான். குட்டையின் ஒரு பக்கம் சரிவு. வெயிலும் பச்சைப் பாசியும் அங்கேதான். எதிர்ப்பக்கம் செங்குத்துப் பாறை. மேலே ஒரு மரம் கவிந்து, உதிர்ந்த இலைகள் பாறை விளிம்பை ஒட்டித் தண்ணீருக்குள் அழுகிக் கிடக்கும். அமீபா வேண்டுமென்றால் அந்த இலைகளின் அடிப்புறத்தில்தான் தேடவேண்டும். அவனோ எப்போதும் சரிவிலேயே நின்று மொண்டுகொண்டு வந்துவிடுவான், சமர்த்தன்.

அன்று காலை அவளுக்கு என்ன எரிச்சலோ, வாய் நீண்டுவிட்டது. "கரையில நின்னு பச்சைத் தண்ணி மொள்றதுக்கு நீங்க எதுக்கு? ஒரு அமீபா பிடிச்சுக் குடுக்கத் துப்பில்ல" என்றாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். மறுநாள் குட்டையிலிருந்து தூக்கினார்கள்.

அவனுக்கு முன்னால், தண்ணீர் மொள்ளக் கொண்டுபோன பாட்டில்தான் கிடைத்தது. இறுக மூடி, நடுத்தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. ஊர் வாய் சும்மா இருக்குமா? கால் வழுக்கினவன் மூடியைத் திருகிக்கொண்டா இருப்பான், எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணிவிட்டுத்தான் குதித்திருக்கிறான் என்றது. காலையில் வீட்டில் சண்டை நடந்தது பக்கத்து வீடுகளுக்கும் தெரியும். அவளும் முதலில் அப்படித்தான் நம்பினாள்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போன அன்று, பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். அமீபாக்கள். பாட்டிலுக்குள் பாதி அழுகிய இலைகள். பாதிதான் தண்ணீர், மீதி காற்று. அமீபாவுக்கு மூச்சு முட்டக்கூடாது, பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது, எடுத்ததும் மூடவேண்டும் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னபடியே. சாகப் போகிறவன் செய்கிற வேலையா இது? அவன் அந்த நிழல் பக்கம் போயிருக்கிறான். குனிந்து இலைகளைப் புரட்டியிருக்கிறான். மூடிவிட்டு எழும்போது பாறை வழுக்கியிருக்கிறது.

அவளுக்கு ஒரு கணம் உயிர் வந்தது. அடுத்த கணமே போயிற்று. அவன் தானாகச் சாகவில்லை என்றால், அங்கே அனுப்பியது யார்?

அதனால் வாயைத் திறக்கவில்லை. மாமியாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே வீட்டில் ஒரே சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு பேரும் அவன் பேச்சையே எடுக்காமல் வருஷங்களைத் தள்ளினார்கள். அமீபாவுக்கு மூப்பு கிடையாது, இரண்டாகப் பிரியும், எது தாய் எது பிள்ளை என்று சொல்ல முடியாது என்று வகுப்பில் ஆசிரியை ஒவ்வொரு ஆண்டும் சொல்லும்போது பாசி அக்கா ஜாடியைத் திரும்பிப் பார்ப்பாள். அப்படியானால் ஜாடியில் இருப்பவை அன்றைக்கு அவன் விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவைதான். சில சமயம் லென்ஸுக்கு அடியில் ஒன்று ஐந்து கிளையாக விரிந்து, விரல் விரித்த கை போல நிற்கும். அன்று முழுவதும் அவளுக்குச் சோறு இறங்காது.

இந்த மழைக்காலத்தில் மாமியாருக்குக் குளிர்க் காய்ச்சல் வந்தது. மலேரியா என்றார்கள். அதுவும் இந்த ஜாதிதான். சாட்டையும் மயிரும் காலும் இல்லாமல், கொசுவின் எச்சிலில் ஏறி வந்து, ரத்த அணுவுக்குள் குடியிருந்து பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அப்போதெல்லாம் உடம்பு தூக்கிப் போடும். அவள் விடுப்பு எடுத்து ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள். ஒருநாள் நடுக்கம் அடங்கியதும் மாமியார் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போறதுக்குப் பயமில்லம்மா. அங்க அவனைப் பாத்தா, 'ஏன்டா என்னை வேணாம்னு போனே'ன்னு கேக்கணுமே. அதான் பயமா இருக்கு."

மாமியார் தேறி வீட்டுக்கு வந்தார். மருமகள் வேலைக்குத் திரும்பினாள். ஆய்வகக் கதவைத் திறந்ததுமே நாற்றம் அடித்தது. இவள் இல்லாத நாட்களில் அலுவலகப் பியூன், பாவம் வாயில்லா ஜீவன்கள் பட்டினி கிடக்குமே என்று தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து கைப்பிடிச் சோறு அள்ளிப் போட்டிருந்தான். ஜாடிக்கு இரண்டு பருக்கைதான் கணக்கு. தண்ணீர் வெள்ளையாகப் புளித்திருந்தது. சொட்டுச் சொட்டாக எடுத்துப் பார்த்தாள். ஏறக்குறைய எல்லாமே சுருண்டு உருண்டையாகிச் செத்திருந்தன. அவன் பக்கம் சாட்சி சொல்ல உலகத்தில் இருந்தது இந்த ஜாடி ஒன்றுதான். விடாமல் தேடி, மிச்சமிருந்த சிலவற்றை நல்ல தண்ணீர் விட்ட சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் சேர்த்தாள். மதியமே அதை ஏந்திக்கொண்டு, லென்ஸும் கையுமாக வீட்டுக்கு நடந்தாள்.

கறுப்புத் துணியை விரித்துக் கிண்ணத்தை மாமியார் முன்னால் வைத்தாள். வெள்ளைப் பொட்டுகளாகத் தெரிந்தன. நிழல் பக்கம், இலைகள், பாதிக் காற்று என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவர் சாகப் போகல அத்தை. துப்பில்லன்னு நான் சொன்னேன். அதுக்குத்தான் அந்தப் பக்கம் போனார்."

மாமியார் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"நீ சொன்னது அன்னிக்கே என் காதுல விழுந்துச்சு" என்றார். "கோவத்துல ஒரு வார்த்தை, யார் வீட்ல இல்ல? உன்னை அப்பவே மன்னிச்சிட்டேன். ஒரு வார்த்தைக்காக என்னை விட்டுட்டுப் போனான்னு அவனைத்தான் இன்னி வரைக்கும் மன்னிக்கல. இலை பொறுக்கப் போனான்னு மட்டும் சொல்லியிருந்தா போதுமே."

தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இத்தனை வருஷம் மூடி வைத்தாள், அதற்குத் தேவையே இருந்திருக்கவில்லை.

மாமியார் லென்ஸை வாங்கி, புரை எடுத்த கண்ணில் வைத்துக் கிண்ணத்தின்மேல் குனிந்தார். உள்ளே ஒன்று மெல்ல விரிந்துகொண்டிருந்தது.

"நீட்டுதே, அது கையா காலா?"

"ரெண்டும்தான் அத்தை."

"புடிச்சுக்க ஒண்ணுமே இல்லாம நீட்டிக்கிட்டே இருக்கே" என்றார் அத்தை.