மூன்றே முக்கால் கிலோ

சில்வஸ்டர் அண்ணன் வீட்டில் எந்த நாற்காலியிலும் தைரியமாக உட்காரலாம். அவர் முன்னாலேயே அதன் மேல் ஏறி நின்று இரண்டு குதி குதித்துப் பார்த்திருப்பார். துணி காயப்போடும் கொடி, குக்கர் கைப்பிடி, பையின் காது, எதுவும் அவர் கையால் ஒருமுறை இழுபடாமல் அந்த வீட்டில் புழக்கத்துக்கு வந்ததில்லை. புதுக் குடை வாங்கிய அன்றே அதைக் காற்றுக்கு எதிரே பிடித்துத் திருப்பி, இரண்டு கம்பியை உடைத்துவிட்டு, "பாத்தியா கருணா, மோசமான சரக்கு" என்று என்னிடம் காட்டியவர் அவர். குடை நல்ல குடைதான். நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காமலிருப்பது எனக்குக் கைவந்த விஷயம், அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் இறந்து ஐந்து வருடமாகிறது. நல்லவரா என்று கேட்டால் நல்லவர்தான். அருவங்காட்டுத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் அவருக்குக் கீழே பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். வெளியிலிருந்து வரும் கயிறு, பெல்ட், மூட்டை தைக்கும் நூல் எல்லாம் முதலில் எங்கள் மேஜைக்கு வரும். ஒரு துண்டை வெட்டி மெஷினில் மாட்டி, அறுகிற வரைக்கும் இழுத்து, எத்தனை கிலோவில் அறுந்தது என்று எழுதுவோம். அறாமல் தாங்கினாலும் அந்தத் துண்டு கூடைக்குத்தான் போகும். அதன் கூடவே வந்த மற்றவற்றைத்தான் உள்ளே அனுப்புவோம். இழுபட்டது பார்வைக்கு முழுசாக இருக்கும், உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதை எனக்குச் சொன்னவர் சில்வஸ்டர் அண்ணன். ஆபீஸில் இந்த விதியை அவர் ஒருநாளும் மீறியதில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும் அது அவருக்கு மறந்து போய்விடும்.

அவருக்கு ஒரே மகன், செல்லதுரை. அப்பாவும் மகனும் மீன்வளத் துறையில் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு ஞாயிறு பூசை முடிந்த கையோடு எமரால்டு அணைக்குப் போய்விடுவார்கள். பல நாள் நானும் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறேன். வீட்டில் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாத இருவரும் தண்ணீர் ஓரத்தில் நின்றால் ஓயாமல் பேசுவார்கள். எல்லாம் மீனைப் பற்றித்தான்.

செல்லதுரைக்கு ஜெகதளாவில் லீலாவதி என்ற டீச்சரைப் பிடித்திருந்தது. அவளுக்கும் அவனை. அவளுடைய அப்பா லிங்கசாமி இரண்டு நாள் முறைத்துவிட்டு, மூன்றாம் நாள் சரி என்றுவிட்டார். சில்வஸ்டர் அண்ணன் வேறு மதம், வேறு சாதி என்று ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டாவது கல்யாணத்தை முடித்திருப்பார்கள். அவர் பேசியது வேறு.

"ரெண்டு வருஷம் பாக்காம, பேசாம இருங்க. அப்பறமும் இதே மனசு இருந்துச்சுன்னா நானே முன்னால நின்னு கட்டி வெக்கறேன்."

அவர்களும் இருந்தார்கள், பைத்தியக்காரப் பிள்ளைகள். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் அவனைக் கண்டால் அவள் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்வாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறுவான். நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் முடிந்த அன்று இருவரும் அவர் முன்னால் வந்து நின்றார்கள். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "நல்லாத் தாங்கிருச்சு. இன்னும் ஒரு வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.

விஷயம் லிங்கசாமி காதுக்குப் போனது. என் பெண் என்ன சந்தையில் நிற்கிற மாடா என்று கத்தினார். மூன்று மாதத்தில் லீலாவதி திருப்பூரில் ஒருவருக்கு மனைவியாகிவிட்டாள். செல்லதுரை ஒரு பெட்டியோடு சேரங்கோடு பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரிக்கு வேலைக்குப் போனான். ஆறு வருடம் வீட்டுப் படி ஏறவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஜெஸிந்தா அக்கா, அதாவது அவன் அம்மா, வருடத்துக்கு இரண்டு முறை பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பார். அவன் டீ வாங்கிக் கொடுத்து, அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, திரும்ப பஸ் ஏற்றிவிடுவான். அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

தொண்ணூற்றாறாம் வருடம் ஈஸ்டருக்கு முன்னால் அவனிடமிருந்து ஒரு சின்னப் பார்சல் வந்தது. அம்மா பெயருக்கு இல்லை, அப்பா பெயருக்கு. உள்ளே ஒரு தூண்டில் முள்ளும் கடிதமும். சில்வஸ்டர் அண்ணன் கடிதத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார், கண்ணாடி போட்டிருந்தும்.

"ஃபாக்டரியைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் நாலு ஜிக் கொடுத்தார். ஒன்றை அனுப்பியிருக்கிறேன். இதற்குத் தகுந்த லைன் என்னிடம் இல்லை. நீங்களே பார்த்து எடுத்து வாருங்கள். ஏப்ரல் இருபத்தொன்று ஞாயிறு காலை எமரால்டு வருகிறேன். முடிந்தால் அங்கிருந்து வீட்டுக்கு வந்து அம்மா கையால் சாப்பிடுகிறேன்."

அந்த 'முடிந்தால்' என்ற வார்த்தைக்கு ஜெஸிந்தா அக்கா மூன்று வாரம் மெழுகுவத்தி ஏற்றினார்.

ஜிக் என்பது பாக்கு அளவில் ஒரு ஈயத் தலை, அதில் பதித்த ஒற்றைக் கொக்கி, கொக்கியை மறைத்துத் தொங்கும் ரப்பர் இழைகள். அமெரிக்காவில் பேஸ் என்ற மீனுக்காகச் செய்ததாம். எங்கள் அணையில் அந்த மீன் கிடையாது, டிரவுட்டும் கெண்டையும்தான். இந்த ஜிக்கை அடித்தரை வரைக்கும் இறக்கி, கொஞ்சம் தூக்கி, மறுபடி விழவிட வேண்டும். அது விழும்போதுதான் மீன் கவ்வும். கவ்வியதைக் கைக்குச் சொல்வது லைன் என்கிற நைலான் நரம்பு ஒன்றுதான். தடித்த நரம்பு போட்டால் தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும் மரக்கட்டைகளில் உரசினாலும் தாங்கும், ஆனால் அந்தத் தெளிந்த தண்ணீரில் மீன் அதைப் பார்த்துவிட்டு விலகிப் போகும். மெல்லிய நரம்புக்கு மீன் ஏமாறும், முதல் கட்டையிலேயே அறுந்துவிடும்.

சில்வஸ்டர் அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு மூன்று முறை கோயமுத்தூர் போனார். கடைக்கார வெள்ளியங்கிரி எங்களைக் கண்டாலே டீ சொல்லி அனுப்ப ஆரம்பித்துவிட்டார். எட்டு கிலோ தாங்குவது, ஆறு, நாலு, இரண்டு என்று முழம் முழமாக வாங்கி வந்து, கொல்லையில் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மில் ஜிக்கைக் கட்டி இறக்கினார். கண்ணாடி டம்ளரில் நரம்பை முக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். "கருணா, கண்ண மூடிட்டு இதப் புடி. ஈயம் தரையத் தொடறது தெரியுதா?" என்பார். ஆறு வருடத்தில் அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அந்த மூன்று வாரம்தான். கடைசியில் நிறமில்லாத நாலு கிலோ நரம்பு என்று முடிவு செய்தார். எனக்குத் தெரிந்தவரை அதைவிடச் சரியாக யாரும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. இருக்கட்டும் என்று இரண்டு சுருள் வாங்கினார்.

சனிக்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறைக்குப் போகிற நடையில் சுவருக்குச் சுவர் ஆணி. நரம்பை ஆணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளம், விட்டு எடைக்கல்லைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு, ஒன்று, அரை, கால். பத்து எண்ணுவார். பிறகு அடுத்த பாகம். சுருளில் பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

"ஏனுங்கண்ணா, இழுத்துப் பாத்த துண்டு கூடைக்குத்தானுங்களே?"

"அது ஆபீஸ் சரக்கு. நாளைக்குப் பையன் கையில இது அறுந்துச்சுன்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

"அந்த இன்னொரு சுருள எடுத்துட்டுப் போலாமுங்க. ரெண்டும் ஒரே சரக்குத்தான்."

"அதப் பாக்கவே இல்லையே. பாக்காதத எப்படி நம்பறது?"

உள்ளேயிருந்து ஜெஸிந்தா அக்கா, "விடுங்க தம்பி, அவர மாத்தறதுக்கு இனி ஆண்டவர்தான் எறங்கி வரோணும்" என்றார். கோழிக் குழம்புக்கு மசாலா வறுத்துக்கொண்டிருந்தார். பிரிக்காத சுருள் அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டிருக்கலாம். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் செல்லதுரை எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தான். மெலிந்திருந்தான், காதோரம் நரைத்திருந்தது. அப்பாவும் மகனும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. "நாலு கிலோவா?" என்றான். "நாலு" என்றார். "அதுதான் நானும் நெனச்சனுங்கப்பா" என்றான். அதைக் கேட்டதும் சில்வஸ்டர் அண்ணன் மூக்கைச் சிந்துகிற சாக்கில் அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோடைக்குத் தண்ணீர் இறங்கி, கரையோரம் சேறு தெரிந்தது. ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கட்டைகள் இல்லாத ஒரு திறந்த இடத்தில் ஜிக்கை இறக்கினான். இரண்டாவது முறை விழும்போதே தூண்டில் தடி வளைந்தது. இரண்டு முறை மீன் மேலே வந்து புரண்டது. அத்தனை பெரிய டிரவுட்டை நான் அந்த அணையில் பார்த்ததில்லை. செல்லதுரை சிரித்தான். "அப்பா, வலைய எடுங்க, அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவர் செருப்போடு சேற்றில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் வலையை நீட்டிக்கொண்டு நின்றார்.

மீன் களைத்து, பக்கவாட்டில் சாய்ந்து வந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு பாகம்தான். கட்டை இல்லை, கல் இல்லை. லைன் சும்மா அறுந்துபோனது. தடி நிமிர்ந்துகொண்டது.

செல்லதுரை மிச்ச நரம்பை உருவி, விரலுக்கு நடுவே மெதுவாக இழுத்துக்கொண்டு போனான். பாகத்துக்கு ஒரு இடத்தில் அவன் விரல் நின்றது. ஆணியில் சுற்றிய இடங்களில் நரம்பு நசுங்கி வெளுத்திருந்தது.

"எத்தன கிலோ தொங்க விட்டீங்க?"

"மூணே முக்கா."

"நாலு கிலோ லைனுக்கு?"

"தாங்குச்சே. எல்லா எடத்துலயும் தாங்குச்சு."

"அவளுந்தானுங்கப்பா தாங்கினா. ரெண்டு வருஷம்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் நடுவில் புகுந்து எதையாவது பேசியிருப்பேன். தடியை மடக்கி அப்பாவின் பையோரம் வைத்தான். "அம்மாகிட்டச் சொல்லிருங்க, பஸ்ஸுக்கு நேரமாயிருச்சுன்னு" என்று என்னிடம் சொல்லிவிட்டு மேடேறிப் போனான். அப்போது காலை பதினோரு மணி.

சில்வஸ்டர் அண்ணன் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை. நான் இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். வலையை என்னிடம் கொடுக்கவும் மாட்டேன் என்றார். ஊட்டி வரைக்கும் பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் ஜெஸிந்தா அக்கா ஈஸ்டருக்குக் கட்டிய புடவையைக் கட்டியிருந்தார். மேஜையில் நாலு தட்டு. நாங்கள் கேட்டைத் திறந்ததும் அவர் எங்களைப் பார்க்கவில்லை, எங்களுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு வெளியே வந்து ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"லைன் அறுந்துருச்சு ஜெஸிந்தா" என்றார் அவர்.

அக்கா உள்ளே போய்ச் சோற்றுப் பானையை இறக்கினார். சில்வஸ்டர் அண்ணன் அலமாரியிலிருந்து பிரிக்காத அந்தச் சுருளை எடுத்தார். ஜன்னலோரம் நின்று, காகிதத்தைக் கிழித்து, நுனியை இரண்டு கையிலும் சுற்றி, நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு இழுத்தார். நரம்பு சதையில் பதிந்து விரல் நுனி வெளுக்கிற வரைக்கும் இழுத்தார். அது அறவில்லை.

"நல்ல சரக்குத்தான் கருணா" என்றார்.

ஜெஸிந்தா அக்கா மேஜையிலிருந்து ஒரு தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.